கழுத்தில் பட்ட அடியும் கையில் மீளும் பிடியும்

(பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிகழ்த்திய உரை)



பால் வெட்டும் கத்தியைப் பிடிப்பதும், வாளியைத் தூக்குவதும், குழந்தைக்குச் சோறூட்டுவதும் நம் கைகளே. அவற்றை இயக்கும் கட்டளையோ மூளையிலிருந்து கழுத்தின் வழியே தண்டுவடத்தில் இறங்கி வருகின்றது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ, மரக்கிளை முறிந்து மேலே விழுந்தோ கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்குமாயின், அக்கட்டளை தடைபடுகின்றது. கையில் கீறல்கூட இல்லாதிருந்தும் கை செயலற்றுப் போகின்றது.

கழுத்துப் பகுதியில் எட்டு இணை நரம்புகள் உள்ளன. ஆறாம் நரம்பு வரையில் பழுதின்றி இருப்பின், விரல்களை மடக்க இயலாவிடினும் மணிக்கட்டை உயர்த்த இயலும். அந்த ஓர் அசைவே பெருஞ்செல்வமாகும். இதனை நாம் இப்பொழுதே சோதித்துப் பார்க்கலாம். கையைத் தளர்த்தி மணிக்கட்டைத் தொங்கவிடுங்கள். விரல்கள் தாமே விரியும். மணிக்கட்டை உயர்த்துங்கள், விரல்கள் தாமே சற்று மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கம் நெருங்கும். தசைநாண்கள் இழுபடுவதே இதற்குக் காரணம். இயன்முறை மருத்துவர்கள் இந்த இயல்பையே வளர்த்து, கரண்டியையும் பேனாவையும் பிடிக்கப் பழக்குகின்றனர்.

ஆனால், அன்பின் மிகுதியால் நாமே இப்பிடியைக் கெடுத்துவிடக் கூடும். எண்ணெய் தடவி, மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து, விரல்களையும் நீட்டி உருவினால் தசைநாண்கள் தளர்ந்து பிடி போய்விடும். விரல்களை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டை உயர்த்தும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். கையை ஊன்றி எழும்போதும் விரல்களை மடக்கியே ஊன்ற வேண்டும். தொடு உணர்ச்சி குன்றியிருக்குமாதலால், சூடான குவளையைக் கையில் கொடுத்தலும் ஆகாது.

விபத்து நேர்ந்தவுடன் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பதும் பெருந்தவறு. தலையும் கழுத்தும் அசையாதபடி காத்து, 999 எண்ணுக்கு அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பதே முறை.

1971-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சொக்சோ, வேலைத்தலத்தில் நேரும் விபத்துகளுக்கு மட்டுமன்றி, வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்துகளுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. சந்தாதாரர்களுக்கென மலாக்காவில் அதன் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்கி வருகின்றது. ஆகவே, விபத்தை உடனே நிர்வாகத்திடம் தெரிவித்து எழுத்தில் பதிவு செய்தல் நம் கடமையாகும்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவரே 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவி, உடல் ஊனமுற்றோர் பலருக்கு மறுவாழ்வளித்தார். கை ஓய்ந்தாலும் வாழ்வு ஓய்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பயிற்சி மெதுவாகவே பலன் தரும். பொறுமையுடன் நாள்தோறும் துணை நிற்போமாக!