தோபித்தின் வீடும் நம் அண்டை வீடும்

(யூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் கண்முன் வருபவை கொடிமரம், தேர், வண்ணம் பூசிய கோபுரம், பிறகு இந்த மலர். லேவியர் நூல் கூறும் யூபிலியில் இவை எதுவும் இல்லை. ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதப்படும். விற்றவனுக்கு அவன் நிலம் திரும்ப வரும். கடனுக்கு அடிமையானவன் தன் வீட்டாரிடம் திரும்பிப் போவான். ஆக, யூபிலி என்பது வீடு திரும்புவோரின் விழா. அதனால்தான் இன்று, வீடு திரும்பாதவர்களைப் பற்றியும், வீடு திரும்பியும் தன் வீட்டைக் கண்ணால் காண முடியாதவர்களைப் பற்றியும் பேச எடுத்துக்கொண்டோம். நல்ல நாளில் இந்தப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். பந்தல் பின்னாலிருந்து வரும் சாம்பார் மணம் நமக்கும் எட்டுகிறது. ஆயினும் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

2024 ஜூன் 18, 19 தேதிகளை இம்மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். கள்ளக்குறிச்சி நகரில் நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எட்டிய தூரத்தில் இருக்கிறது கருணாபுரம். அங்கே பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். முதலில் இறந்தவருக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று செய்தி வந்தது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளும் புதுவை ஜிப்மரும் நிரம்பின. அறுபத்தைந்து பேருக்கும் மேல் மாண்டார்கள். பெண்களும் அதில் உண்டு. ஜூன் 20 அன்று கோமுகி ஆற்றங்கரையில் கொட்டும் மழையில் வரிசையாகச் சிதைகள் அடுக்கப்பட்டன. அதற்கு முந்தின ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே விஷத்துக்குப் பலியாகியிருந்தார்கள்.

அந்த வாரம் நாம் செய்த ஒரு தவறை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறன்று பீடத்தில் நின்று குடியின் தீமையைப் பற்றி நாற்பது நிமிடம் மறையுரை ஆற்றினோம். குடும்பத்தைக் கெடுப்பவன், பிள்ளைகளின் சோற்றைக் குடிப்பவன் என்றெல்லாம் நீட்டி முழக்கினோம். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பூசை முடிந்ததும் பலர் வந்து, அருமையான பிரசங்கம் என்றார்கள். புதன்கிழமை ஒரு தாய் வந்தார். எந்த ஊர், என்ன பெயர் என்பது வேண்டாம். “சாமி, நீங்க சொன்னது சரிதான். ஆனா எம் மவன் இனிமே கோயிலுக்கு வரமாட்டேங்கிறான். அப்பாவை எல்லார் முன்னாடியும் திட்டினாங்கன்னு சொல்றான்” என்றார். அந்தப் பையன் அன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். நாம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பேச்சை நிறுத்தியிருப்போமா என்பதும் சந்தேகமே.

யோபுவின் நண்பர்கள் மூவரும் முதல் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. குருமடத்தில் இதைப் படித்தோம், தேர்விலும் எழுதினோம். ஆயினும் அந்தத் தாய் வந்து சொல்லும்வரை அது நம் காதில் விழவில்லை.

சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் ஊரே அழுகிறது. சாராயத்தில் இறந்தால், “குடித்துச் செத்தான்” என்ற மூன்றாம் சொல்லுக்கு இடமில்லாத தீர்ப்போடு முடிந்துவிடுகிறது. அந்த விதவைக்கு அழவும் உரிமை இல்லாமல் போகிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, குடித்தவனுக்கு இத்தனையா என்று கேட்டவர்கள் நம் பங்கிலும் உண்டு. அந்த வாதத்துக்குள் நாம் போகவில்லை. பிள்ளைகள் குடிக்கவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு ஐந்து இலட்சம் வைப்புநிதி, பதினெட்டு வயது வரை மாதம் ஐயாயிரம், படிப்புச் செலவு, விடுதிச் செலவு என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் இரவில் திடுக்கிட்டு எழும் பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொள்ள எந்த அரசாணையாலும் முடியாது. பணம் வந்த வீட்டுக்குப் பழைய கடன்காரர்களும் மறந்துபோன உறவினர்களும் வந்து சேர்வார்கள். கணவனிருந்தவரை வங்கிப் படியேறாத பெண்ணுக்கு யாரை நம்புவது என்று தெரியாது. அப்போது உடன் செல்ல நம்பகமான ஒரு அக்காள் வேண்டும்.

இப்போது தோபித்து வீட்டுக்கு வருவோம். தோபித்து ஆகமம் என்றால் நம்மில் பலருக்கு இரபேல் தூதரும், தோபியாவும், மீனும் நினைவுக்கு வரும். திருமணப் பூசையில் வாசிப்பதால் சாராவும் நினைவுக்கு வருவாள். கண் தெரியாத ஒரு மனிதன் இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று அந்நூல் சொல்வதை யாரும் கவனிப்பதில்லை. தோபித்து குடிகாரரல்ல, நாதியற்ற பிணங்களை அடக்கம் செய்த நீதிமான். அடக்கம் செய்துவிட்டு முற்றத்துச் சுவரோரம் படுத்தவர் கண்ணில் குருவி எச்சம் விழுந்து பார்வை போயிற்று. வைத்தியம் பார்க்கப் பார்க்க மங்கலே மிஞ்சிற்று. உறவினர் அகிக்கார் இரண்டு ஆண்டு ஆதரித்தார். பிறகு அவரும் வெளியூர் போய்விட்டார். கவனியுங்கள், இரண்டே ஆண்டு! அதன்பின் மனைவி அன்னா நெசவு வேலைக்குப் போனாள். ஒருநாள் முதலாளிகள் கூலியோடு ஒரு ஆட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்பினார்கள். குட்டி கத்தும் சத்தம் கேட்டதும் தோபித்து, இது திருட்டு ஆடு, திருப்பிக் கொடு என்கிறார். அவள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அன்னாவுக்குக் கோபம் வந்தது; உங்கள் தானதருமமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டாள். அன்று தோபித்து தனக்குச் சாவு வேண்டும் என்று மன்றாடினார்.

மணம் செய்துகொண்ட எல்லோருக்கும் இந்தச் சண்டை புரியும். ஆட்டுக்குட்டிக்காக வந்த சண்டை அல்ல அது. சம்பாதித்துக்கொண்டிருந்த ஆண், இருட்டில் உட்கார்ந்து மனைவியின் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறான். அவள் எங்கே போனாள், யாரோடு பேசினாள், பணம் எங்கிருந்து வந்தது என்று கேள்வி மேல் கேள்வியாக மனத்தில் முளைக்கிறது. மெத்தனால் குடித்துப் பிழைத்தவர்களின் சில வீடுகளில் இதே நடக்கிறது.

மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இரசாயனம். உள்ளே போனதும் சாதாரண போதைபோலவே இருக்கும். பல மணி நேரம் கழித்து, கல்லீரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் வேலையைக் காட்டும். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பை அந்த அமிலம் முதலில் பிடிக்கிறது. பனி மூடியதுபோல் தெரிகிறது என்று அவர்கள் சொல்வது அதனால்தான். விரைவில் மருத்துவமனை சேர்ந்து, மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் கிடைத்தவர்களில் பலர் பிழைத்தார்கள். ஒரு தூக்கம் போட்டால் தெளிந்துவிடும் என்று வீட்டில் படுத்தவர்கள் நேரத்தை இழந்தார்கள். நரம்பு கெட்டபின் கண்ணாடியோ அறுவையோ பலன் தராது. தோபியா கொண்டுவந்த மீன் பித்தம் நம்மிடம் இல்லை. ஆகவே கண் போனவரோடு வாழக் கற்றுக்கொள்வதே வழி.

மலையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். சாராயம் என்றாலே கல்வராயன் மலைக்காரர்கள் என்று கை நீட்டுவது கீழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. மலையில் ஊறல் போட்டது உண்மை; வெல்லமும் பட்டையும் மலையேறியதும் உண்மை. ஆனால் 2024-இல் உயிரைக் குடித்தது மலையில் விளைந்த பொருளல்ல, ஆலையிலிருந்து வந்த இரசாயனம். சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை அது. 1976-இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது. சாமையும் மரவள்ளியும் விளைத்தவர்களுக்குத் தங்கள் நிலத்துக்குப் பட்டா என்பது நீண்டநாள் கேள்வி. கூலிக்குச் செம்மரம் வெட்ட ஆந்திராவுக்கு ஆள் கூட்டிப்போன தரகர்களுக்கு இந்த வறுமைதான் முதல். 2018 பிப்ரவரியில் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தபோது, அவர்கள் கல்வராயன் மலைப் பகுதியிலிருந்து போனவர்கள் என்று தெரிந்தது. அந்த வீடுகளுக்கு யார் போய்த் துக்கம் கேட்டோம்? 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் நிலையைக் குறித்துத் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. ஊர் உலகம் கவனிக்க அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போகவேண்டியிருந்தது. லேவியர் நூல் நிலத்தைப் பற்றி ஏன் அவ்வளவு பேசுகிறது என்பது வெள்ளிமலைக்கு ஒருமுறை பேருந்தில் ஏறிப் போய்வந்தால் விளங்கும்.

இனி, செய்யவேண்டியது. துக்க வீட்டுக்கு நம்மவர் போகாமலில்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசை வரை கூட்டம் இருக்கிறது. பிற சமயத்தார் வீட்டிலும் பதினாறாம் நாள் காரியம் வரை பந்தலும் நாற்காலியும் இருக்கின்றன. நாற்காலி வாடகைக்காரர் வந்து எடுத்துப் போனபின் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தீராநோயாளிகளுக்காக ஒரு பணியைத் தொடங்கினார்கள். பிற்பாடு அதைத் தாங்கியவர்கள் அக்கம்பக்கத்தாரே. கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் முறைவைத்து வீடுவீடாகப் போனார்கள். நம் சபையிலும் இது புதிதல்ல. 1833-இல் பாரீசில் ஓசானாம் என்ற இளைஞர் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் ஏழை வீடுகளுக்கு நேரில் செல்லவேண்டும் என்பதே அடிப்படை. நம் பங்கிலோ அந்தச் சபை மாதக் கூட்டம் நடத்தி, அரிசி கொடுத்து, கணக்கு வாசித்து நிற்கிறது. தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரிடம் முன்பே சொல்லிவிட்டோம்.

இருவர் இருவராகப் போகவேண்டும். ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். மாதம் இரண்டு முறை, மூன்று ஆண்டுகள். ஏன் மூன்று என்றால், அகிக்கார் இரண்டில் நிறுத்திவிட்டார். எந்தச் சமயம், எந்தச் சாதி என்று பார்க்கக்கூடாது. ஞானஸ்நானப் பேச்சு எடுக்கக்கூடாது. எருசலேமின் முதல் திருச்சபையிலேயே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள் என்று முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை மறுத்து வாதாடவில்லை, எழுவரை நியமித்தார்கள். நம் பந்தியில் விடுபடுகிறவர்கள் கருணாபுரம் போன்ற காலனிகளில் இருக்கிறார்கள். அந்தத் தெருவுக்குள் கால் வைக்கத் தயங்குகிறவர்கள் இந்தப் பணிக்குப் பெயர் கொடுக்கவேண்டாம்.

பார்வை இழந்தவர் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரையடி முன்னே நடங்கள். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். எழுந்து வரும்போது சொல்லிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் அவர் வெற்று நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். மனைவியைக் கேட்டு அவருக்கு மருந்து கொடுக்காமல், அவரையே கேளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாக மருத்துவர் சான்றளித்தால் பல உரிமைகள் உண்டு. அந்தச் சான்றுக்கும் அடையாள அட்டைக்கும் உடன் அழைத்துப் போய் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை இழக்க ஆள் வேண்டும். கட்டட வேலை செய்யும் நம் இளைஞர் இருவர் இதற்கு முன்வந்திருக்கிறார்கள். அவர்களின் அன்றைய கூலியைப் பங்கு கொடுக்கும். கோபுரத்துக்கு இரண்டாவது மணி வாங்க ஒதுக்கிய தொகையை நிதிக்குழு இதற்கு மாற்றியிருக்கிறது. ஒரு மணி போதும், ஊருக்குக் கேட்கிறது.

குடியை விட நினைப்பவர்களுக்கும் வழி காட்டவேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951-இல் அமெரிக்காவில் ஒரு தனி அமைப்பு தொடங்கியது. அதுபோல நம் தாய்மார் சிலர் வியாழன் மாலை பள்ளிக் கட்டடத்தில் கூடுகிறார்கள். நாம் அங்கே போவதில்லை. சாமியார் இருந்தால் பேசமாட்டோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் வீட்டுக்கு ஏழெட்டு முறை போனோம். முதல் மூன்று முறை பின்வாசல் வழியே வெளியே போய்விட்டான். நான்காம் முறை நம் மிதிவண்டியின் சங்கிலி கழன்றிருந்தது. அதை மாட்டிக் கொடுத்தான். பேசவில்லை. கடைசியாகப் போனபோது, தன் அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை வைக்கவே இல்லையே என்று கேட்டான். வைத்தோம். அந்தப் பூசையில் மறையுரை எதுவும் ஆற்றவில்லை. ஞாயிறு மறைக்கல்விக்கு இன்னும் அவன் வரவில்லை.

பெயர் கொடுக்க விரும்புவோருக்காகச் சாக்ரீஸ்து அறை வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். கோயில்பிள்ளை பக்கத்தில் இருப்பார். முதல் முறை போகும்போது பழமோ பணமோ கொண்டுபோகவேண்டாம். அவர்கள் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள்.