நம் தெருவை நாமே எண்ணுவோம்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சமூகவியல் கல்லூரி மாணவர்க்கே உரிய பாடம் என்று எண்ணிவிட வேண்டா. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடியிருப்பிற்குச் சுடுகாட்டுப் பாதை வேண்டி மனுக் கொடுக்கச் சென்றோம். "உங்கள் தெருவில் எத்தனை குடும்பங்கள்?" என்று அதிகாரி வினவினார். சென்ற மூவரும் மூன்று எண்ணிக்கை கூறினோம். மனு மேசையின் ஓரத்திற்குப் போயிற்று. குறை உண்மையானது, கணக்குத்தான் எங்களிடம் இல்லை.

சமூகத்தில் ஒருவர்க்குள்ள தகுநிலை இருவகைப்படும். ஒன்று பிறப்பினால் சுமத்தப்படுவது. மற்றொன்று முயற்சியினால் ஈட்டப்படுவது. நம் சங்கம் கல்வியின் வாயிலாக இரண்டாவதை ஈட்டித் தருகிறது. ஆயின் ஆசிரியரான பின்பும் நம் இளைஞருக்கு ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைக்கிறதா? இதுவே சமூகவியலார் எழுப்பும் வினா. 1916 மே மாதத்தில், 25 வயதினரான அம்பேத்கர், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுரை படித்தார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணமுறையே சாதியின் உயிர்நாடி என்று அதில் நிறுவினார்.

அதே 1916-இல், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் மாணவர்களைக் கொண்டு சிற்றூர்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அவ்வூர் 1930-களிலும், 1961-இலும், 1980-களிலும், 2008-இலும் மீண்டும் ஆராயப்பட்டது. பெருநிலக்கிழார் பிடி தளர்ந்ததையும், உழைப்பாளர் பண்ணை வேலையை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறியதையும் இன்று ஒப்பிட்டுக் காட்ட முடிகிறது. முதற்பதிவு இல்லையேல் இவ்வொப்பீடு ஏது?

ஆனால் வினவுபவர் எங்கே நின்று வினவுகிறார் என்பதும் முக்கியம். 1961-62-இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் சேரி மக்களோடு பழகுவதில் தமக்கு நேர்ந்த தடையை அவரே ஒளிக்காது எழுதினார். அந்தத் தடை இல்லாத நாம் எழுதாவிடில், நம் தெரு எழுதப்படாமலே போகும்.

எவ்வாறு எழுதுவது? நூறு வீடுகளாயின் ஒன்றுவிடாமல் செல்லுங்கள். ஆயிரம் வீடுகளாயின் வரிசைப் பட்டியலிட்டு, தொடக்க எண்ணைச் சீட்டுப் போட்டு எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு பத்தாவது வீட்டிற்கும் செல்லுங்கள். தெரிந்தவர் வீடுகளை மட்டும் பொறுக்காதீர்கள். "தேநீர்க் கடையில் உங்களை இழிவுபடுத்துகிறார்களா?" என்று கேட்பது விடையை வாயில் ஊட்டுவதாகும். "சென்ற வாரம் எந்தக் கடையில் அருந்தினீர்கள்? எங்கே அமர்ந்தீர்கள்? எந்தக் குவளையில் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள், நேரிலும் சென்று பாருங்கள். பெண்ணுக்குரிய விடையைக் கணவரிடம் பெறாதீர்கள். சொன்னவர் பெயரை வெளியிடாதீர்கள்.

நமக்கு உவப்பில்லாததையும் எழுதுங்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? மறைத்தால், நாம் எழுதும் ஏனையவற்றையும் எவரும் நம்பார்.

பதிவு செய்யப்பட்ட உண்மைக்கு ஆற்றல் உண்டு. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் நம் முன்னோரின் நிலமற்ற வறுமையை அறிக்கையாக்கினார். 1892-இல் நிலம் வழங்க ஆணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலங்கள் நம் ஊர்களில் எங்கே இருந்தன, இன்று எவர் கையில் உள்ளன என்பதே உங்கள் முதல் ஆய்வாகட்டும்.

வெள்ளி விழாக் காணும் இவ்வாண்டில் ஒவ்வொரு தெருவிற்கும் ஒரு பதிவேடு தொடங்குங்கள். பொன்விழாக் கொண்டாடுவோர் அதைத் திறந்து, நாம் எவ்வளவு தூரம் நடந்தோம் என்று அளந்து பார்க்கட்டும்.