ஆறறிவுக்குப் படிக்கட்டு உண்டா?

அவைத் தலைவர் அவர்களே, சாரலையும் பொருட்படுத்தாமல் குடையோடு வந்து அமர்ந்திருக்கிற தென்காசி அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே!

உயிர்களின் பரிணாமத்துக்குப் போய்ச் சேரும் இடம் என்று ஒன்று உண்டா? இதுதான் எனக்குத் தந்திருக்கிற தலைப்பு. இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தமிழ் படித்த நமக்கு இந்த ‘இல்லை’ எளிதில் தொண்டையில் இறங்காது. தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து வைத்திருக்கிறது. எந்த உயிர் எந்தெந்தப் புலன்களால் அறிகிறது என்று பார்த்துப் பிரித்த பிரிவு அது. அதை நாம்தான் மாடிப்படி ஆக்கிக்கொண்டோம். புல்லிலிருந்து படிப்படியாக ஏறி, உச்சிப்படியில் வேட்டி கட்டிக்கொண்டு நாம் நிற்பதாக ஒரு நினைப்பு. குனிந்த குரங்கு நிமிர்ந்து மனிதனாக நடக்கிற பாடப்புத்தகப் படமும் இதே கட்சிதான்!

1859இல் டார்வின் தம் நூலில் சொன்னது வேறு. பிறக்கும் குஞ்சு குட்டிகளுக்குள் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கின்றன. அந்த இடத்துக்கும் அந்தக் காலத்துக்கும் ஒத்துவருவது பிழைத்து, கூடுதலாக வாரிசு விட்டுப் போகிறது. நாளைக்கு என்ன ஆகவேண்டும் என்கிற கணக்கே இதில் கிடையாது.

நம் மலைக்கே வாருங்கள். 2003இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பகுதியிலிருந்து ஊதாத் தவளை என்ற ஒன்றை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். உப்பிய உடம்பு, கூம்பிய மூக்கு, குட்டைக் கால். அழகுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து கறையான் தின்னும். மழையை ஒட்டிச் சில நாள் மேலே வந்து, ஓடையில் முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பது கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில். இரு குடும்பமும் பிரிந்து ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகள்!

2017இல் அதற்கு ஒரு பங்காளி அகப்பட்டது. எங்கே? நம் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், கிழக்குச் சரிவில். மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். மேற்கே உள்ளது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடுகிறது. கிழக்கே உள்ளதோ வடகிழக்குப் பருவமழையில். ஆனிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் பார்த்து வளர்ந்த குற்றாலத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டில் எது முன்னேறிய தவளை? கேள்வியே பொருந்தவில்லை, பாருங்கள்.

இந்தத் தவளைகளின் தலைப்பிரட்டை இன்னும் விசேஷம். வாய் உறிஞ்சுவாய். பாய்கிற தண்ணீரில் பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கும். நம் மலை ஓடைகளில் இருக்கிற ‘காரா’ வகை மீனுக்கும் வாயடியில் அப்படிப் பற்றிக்கொள்ளும் ஒரு வட்டு உண்டு. மீன் வேறு, தவளை வேறு. தனித்தனியாக வந்து ஒரே மாதிரிக் கருவியில் நிற்கின்றன. இப்படிப்பட்டவற்றைக் காட்டித்தான் கேம்பிரிட்ஜ் அறிஞர் சைமன் கான்வே மோரிஸ், உயிருக்குத் திறந்திருக்கும் வழிகள் கொஞ்சம்தான், மனிதனைப் போன்ற ஒன்று வந்தே தீரும் என்று வாதிடுகிறார். உயிர்களின் வரலாற்றை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டால் மனிதனைப் போன்ற ஒன்று வருவது அரிதிலும் அரிது என்று 1989இல் எழுதினார் தொல்லுயிர் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட். நான் மோரிஸோடு பாதி தூரம் போவேன். வெள்ளம் அடிக்கிற பாறையில் கவ்வத் தெரிந்ததுதான் நிற்கும். வழியைக் குறுக்குவது அந்த வெள்ளம். அதற்கு மேல் அங்கே ஒரு நோக்கத்தைத் தேடுவது நம் ஆசை.

இன்னொன்று. நம் மலைத்தொடரின் அருவிப் பாறைகளில் போடோஸ்டெமேசி என்றொரு குடும்பத்துச் செடிகள் ஒட்டிக் கிடக்கும். பார்த்தால் பாசி என்பீர்கள். வேர் எது, தண்டு எது, இலை எது என்று பிரிக்கவே திணற வேண்டும். நீர் வற்றும்போது பூக்கும். ஆமாம், பூக்கும் செடிதான். மூதாதையரிடம் தெளிவாக இருந்த உறுப்புகளைக் குலைத்துக்கொண்டு அருவியில் வாழ்கிறது. மாடிப்படிக்காரர்கள் சொல்லட்டும்: இது ஏறியதா, இறங்கியதா?

தலைவர் மணியடித்துவிட்டார். அடுத்துப் பேச வரும் புலவர் ஐயா என்னை மறுப்பார் என்று தெரியும், தாராளமாக மறுக்கட்டும். மனிதனுக்கு உச்சிப்படியைக் கொடுக்கும்போது, பத்துக் கோடி ஆண்டாகத் தனிவழி வந்த அந்தத் தவளைக்கு எந்தப் படி என்பதையும் சொல்லிவிட்டு அமரட்டும்.