துள்ளும் மீனும் தொட்டியின் மூடியும்

பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் பல, மாடிமேல் மாடியாக எழுந்த கட்டடங்களில் இருக்கின்றன. அங்கே கன்று கட்ட இடமில்லை. கோழி வளர்க்க முற்றமில்லை. நாய் வளர்க்க வீட்டுக்காரர் இசைவதில்லை. ஆயினும், உயிருள்ள ஒன்று வீட்டில் வளர வேண்டும் என்னும் ஆசை குழந்தைகளை விடுவதில்லை, பெரியவர்களையும் விடுவதில்லை. அந்த ஆசைக்கு எளிதில் இடங்கொடுப்பது கூடத்தின் மூலையில் வைக்கும் கண்ணாடி மீன்தொட்டி. மீன் குரைப்பதில்லை, அண்டை வீட்டாரோடு வழக்கை வளர்ப்பதில்லை. ஆனால் ஒன்று செய்யும்: துள்ளும். துள்ளித் தரையில் விழுந்து, நாம் உறங்கிக்கொண்டிருக்கும்போதே மடியும். அந்த இறப்பைத் தடுப்பது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்ததையே முதலில் கூறுகிறோம். தில்லியில் இரண்டடி நீளமுள்ள தொட்டி ஒன்றை வாங்கி, கருநீலக் கோடுகள் ஓடும் ஜீப்ரா மீன்கள் ஆறினை அதில் விட்டோம். இவை அயல்நாட்டு மீன்கள் அல்ல. கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் நூல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன், நம் நாட்டு நீர்நிலைகளில் கண்டு உலகுக்கு அறிவித்த மீன் இது. இன்று உலகெங்கும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுவதும் இதுவே. கடைக்காரர் மூடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நீர் கலங்கிற்று. அன்று மாலையே நீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய் நீரை நிரப்பினோம். மறுநாட் காலையில், செருப்பு வைக்கும் பலகையின் அடியில் ஒரு மீன் உலர்ந்து கிடந்தது.

எங்கள் வீட்டுச் சிறுமி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நம் வீடு அதற்குப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டாள். எங்களால் விடை கூற இயலவில்லை.

கண்ணாடிப் பலகை ஒன்றை வாங்கித் தொட்டியை மூடினோம். காற்றுக்குழாய் நுழைவதற்காக அதன் ஒரு மூலையை வெட்டியிருந்தார்கள். அந்த இடைவெளி இரண்டு விரல் அகலந்தான். இரண்டு நாள் கழித்து, அதன் வழியே இன்னொரு மீன் வெளியேறி மடிந்தது. பஞ்சுத்துண்டை வைத்து அந்த இடைவெளியையும் அடைத்தோம். அதன் பின்னர் எந்த மீனும் வெளியே விழவில்லை. ஆனால் இரவில் ‘டொக், டொக்’ என்ற ஒலி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மீன்கள் மூடியில் முட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் மூக்கு சிவந்து புண்ணாகிவிட்டது. அப்போதுதான் எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. மூடி, மீன் வெளியேறுவதைத் தடுத்ததேயன்றி, அது வெளியேற விரும்பிய காரணத்தைத் தீர்க்கவில்லை.

மீன் ஏன் துள்ளுகிறது? அறிவின்மையால் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது தவறு. ஆற்றில் துள்ளும் மீன் மீண்டும் ஆற்றிலேயே விழுகிறது. வயலில் துள்ளும் மீன் அடுத்த மடையில் விழுகிறது. துள்ளல் அதற்கு உயிர் காக்கும் கலை. கண்ணாடிக்கு அப்பால் சிமெண்டுத் தரை இருக்கும் என்பதை அதன் முன்னோர் எவரும் கற்றதில்லை.

துள்ளலுக்குக் காரணங்கள் பல. முதலாவது அச்சம். மீனின் உடலில் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு, நீரின் மெல்லிய அசைவையும் உணரவல்லது. கதவு அறைந்தாலும், இருட்டில் திடீரென விளக்கு எரிந்தாலும், பெரிய மீன் ஒன்று துரத்தினாலும் மேல்நோக்கிப் பாய்வது அதன் இயல்பு.

இரண்டாவது இரை. நீர்ப்பரப்பில் வாழும் மீன்கள் பூச்சியைக் கண்டால் எழும்பும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலிலும் கேரளத்து ஓடைகளிலும் வாழும் ஒரு சிறு மீனுக்கு மலையாளத்தில் ‘மானத்துக்கண்ணி’ என்று பெயர். மானம் என்பது அங்கே வானம். கொசுப் புழுக்களைத் தின்று நமக்கு நன்மை செய்யும் இம்மீன், வீட்டுத் தொட்டியிலும் துள்ளுவதில் வல்லது. அமேசான் ஆற்று அரோவனாவோ, நீரின்மேல் தாழ்ந்த கிளையிலுள்ள வண்டினைப் பிடிக்க ஒரு மீட்டருக்கு மேலும் எழக்கூடியது.

மூன்றாவது, புதுநீர் தேடும் விழைவு. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டையை அறியாதவர் இல்லை. தரங்கம்பாடியில் டேனியர் ஆட்சியிருந்த நாளில், 1791-இல், டால்டோர்ஃப் என்னும் படைத்தலைவர் அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாகக் கூறினார். அச்செய்தி 1797-இல் இலண்டனில் அச்சேறிற்று. பின்வந்தோர் மரமேறும் கதையை ஐயுற்றனர். ஆனால் அது குளம் விட்டுக் குளம் தரைவழியே நகரும் என்பதில் ஐயமில்லை. குரவையும் விராலும் அவ்வாறே செய்யும். இவற்றைத் தொட்டியில் வளர்ப்போர் மூடியின்மேல் பாரமும் வைக்க வேண்டும். அவை மூடியைத் தலையால் முட்டித் தள்ளிவிடும்.

ஏதும் அறியாதது போலத் திரியும் குப்பி மீனும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து அறிஞர் டாஃப்னே சோரெஸ் என்பவர் வளர்த்த குப்பி ஒன்று, தொட்டியிலிருந்து துள்ளி அவருடைய தேநீர்க் குவளையில் விழுந்தது. நல்ல வேளையாக அது குளிரூட்டிய தேநீர், மீன் பிழைத்தது. அவர் அதனைச் சிரித்து மறந்துவிடவில்லை. குப்பிகளின் துள்ளலை விரைவுப் படக்கருவியால் படமெடுத்து ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார். யாரும் அச்சுறுத்தாமலே, இரையும் இல்லாமலே அவை துள்ளின. துள்ளுமுன் மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, ஓடிவந்து தாண்டுவோரைப் போல ஆயத்தம் செய்துகொண்டன. தம் உடல் நீளத்தைப் போல் எட்டு மடங்கு உயரம் வரை எழுந்தன. மலையோடைகளில் அருவியைத் தாண்டிப் புது இடம் சேர இத்திறன் உதவுகிறது என்பது அவர் கருத்து. ஆகவே, எல்லாம் நன்றாக இருக்கும் தொட்டியிலும் மூடி வேண்டும் என்பது தெளிவு.

நான்காவது காரணமே எங்கள் வீட்டில் நேர்ந்தது: நீர் கெடுதல். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் அதுவரை பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு, குளோரின் கலந்த குழாய் நீரை ஒரேயடியாக ஊற்றினோம். செவுள் எரியும் மீன் வேறெங்குச் செல்லும்? மேலேதான் பாயும்.

இதை அறிந்தபின் உணவைப் பாதியாகக் குறைத்தோம். நீரை நாள்தோறும் கால் பங்கு மட்டும் மாற்றினோம். குழாய் நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரமைன் கலந்த நீராயின் அவ்வாறு நீங்காது. அதற்குக் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியையே பயன்படுத்த வேண்டும். புது நீரின் வெப்பமும் தொட்டி நீரின் வெப்பமும் ஒத்திருக்க வேண்டும். வடநாட்டுக் குளிர்காலத்தில் இதனை மறந்தால் மீன் நடுங்கிப் போகும். சில வாரங்களில் ‘டொக், டொக்’ என்ற ஒலி நின்றது.

இனி, மூடியை அமைக்கும் முறை. தொட்டியின் விளிம்பு வரை நீர் நிரப்பலாகாது. 5 முதல் 8 சென்டிமீட்டர் இடைவெளி விடுக. விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்த கண்ணாடிப் பலகை நல்ல மூடி. அதனை இரண்டு துண்டாக அமைத்தால், உணவிடும்போது முன்துண்டை மட்டும் நகர்த்தலாம். மெல்லிய பிளாஸ்டிக் தகடு நாளடைவில் நீராவியால் வளைந்து, மூலையில் வாய் திறந்துவிடும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலையும் ஏற்றதே. காற்றும் புகும், மீனும் போகாது. இரும்பு வலை துருப்பிடிக்கும். குழாயும் கம்பியும் நுழையும் இடங்களைப் பஞ்சுத்துண்டால் அடைக்க வேண்டும். மீனின் உடல் நுழையும் அளவு எதுவோ, அதுவே அபாயமான அளவு என்று கொள்க.

ஆனால் காற்றுப் புகாதபடி இறுக அடைத்தலும் பிழையே. பெட்டா, கௌராமி, பனையேறிக் கெண்டை முதலியன நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிப்பவை. நீருக்கும் மூடிக்கும் இடையே அவற்றுக்குக் காற்று வேண்டும்.

நீர்மேல் மிதக்கும் ஆகாயத்தாமரை போன்ற செடிகளைச் சிறிது விட்டுவைத்தால், மீனுக்கு ஒளிந்துகொள்ள இடங்கிடைக்கும். ஒளிய இடமுள்ள மீன் குறைவாகவே துள்ளும். காலையில் முதலில் அறை விளக்கை ஏற்றி, சில நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கை ஏற்றுக. புதிதாக வாங்கிய மீனுக்கு முதல் இரவே அபாயம் மிகுந்த இரவு. அதனைப் பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்துப் பழக்கி, பின்னர் விளக்கை அணைத்து விடுக.

இவ்வளவு காத்தும் ஒரு மீன் தரையில் கிடந்தால், இறந்தது என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு எடுங்கள். உலர்ந்த கையும் துணியும் அதன் வழுவழுப்பான மேற்பூச்சைச் சிதைத்துவிடும். தொட்டி நீர் நிரம்பிய கிண்ணத்தில் தூசியைக் கழுவி, குமிழி எழும் இடத்தருகே மெல்ல விடுங்கள். உலர்ந்ததுபோல் தோன்றிய மீன், சில நிமிடத்தில் செவுளை அசைப்பதுண்டு. பிழைத்த மீனை மங்கிய ஒளியில் விட்டுச் சில நாள் கவனியுங்கள். பஞ்சு போன்ற வெண்பூஞ்சை படர்ந்தால் மருத்துவம் செய்ய வேண்டும்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்குச் சிறப்பாக நினைவில் வேண்டுவன இரண்டு. தீபாவளி இரவில் வெடியின் அதிர்ச்சியும் ஒளியும் எந்த மீனையும் கலக்கும். அன்று சன்னல் திரையை இழுத்து, மூடியை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டுப் பிறகு பட்டாசு கொளுத்தச் செல்லுங்கள். அடுத்தது ஊர்ப் பயணம். கோடை விடுமுறைக்கு நாம் இரயிலேறும்போது தொட்டியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கிறோம். அவர்கள் அன்பு மிகுதியால் அள்ளி உணவிடுவார்கள், நீர் கெடும், மீன் துள்ளும், உணவிட்ட கை மூடியைத் திறந்தே விட்டிருக்கும். ஒவ்வொரு நாளுக்குமான உணவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். நலமாக வளர்ந்த மீன் சில நாள் உணவின்றியும் இருக்கும் என்று சொல்லுங்கள். “உணவிட்டதும் மூடுக” என்பதை அவர்கள் படிக்கும் மொழியில், இந்தியோ வங்காளமோ மராத்தியோ, பெரிய எழுத்தில் எழுதி மூடியின்மேல் ஒட்டுங்கள். நாங்கள் அவ்வாறு ஒட்டிய சீட்டு, நாங்கள் திரும்பியபோது நீர்பட்டுக் கசங்கியிருந்தது. மூடி மூடியே இருந்தது.

நேயர்களே, அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பல வாரம் கழித்தே எங்களால் விடை கூற முடிந்தது. “நம் வீட்டின்மேல் அதற்கு வெறுப்பில்லை, நாம் கொடுத்த நீரில் அதனால் மூச்சுவிட இயலவில்லை. அதைச் சொல்ல அதற்குத் துள்ளுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை” என்றோம். அவள் சிறிது எண்ணிப் பார்த்தாள். அன்று முதல் ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் அவளே மூடியைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு ஒரு கணம் காதைத் தாழ்த்தி, உள்ளே ஒலி கேட்கிறதா என்றும் கவனிக்கிறாள். மீன் வளர்ப்போர் அனைவரும் இவ்விரண்டையும் செய்தால் போதும்.