மாடி வார்டின் வெப்பக் கணக்கு

(ராசிங்காபுரத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் பேசியது)



சென்ற கூடுகையில் உங்களில் ஒரு குடும்பத்தார், தங்கள் தாயாரின் நினைவாக எங்கள் பெண்கள் வார்டுக்கு இரண்டு ஏ.சி. இயந்திரங்கள் வாங்கித் தருவதாகப் பொருத்தனை செய்தார்கள். அந்தத் தாயார் தம் கடைசி நாட்களை அந்த மாடி வார்டில்தான் கழித்தார்கள். மகள் இரவெல்லாம் பனையோலை விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே இன்று சொல்ல வந்ததைச் சொல்வது எங்களுக்கு எளிதல்ல. அந்தப் பணத்தை முதலில் கூரைக்குச் செலவிட அனுமதி கேட்கவே வந்திருக்கிறோம்.

கோடையில் ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர் எங்களுக்குச் சில டேட்டா லாகர்களை இரவலாகத் தந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே குறித்துக்கொள்ளும்; ஒரு நாளைக்கு 144 குறிப்புகள். கம்ப்யூட்டரில் இணைத்தால் எல்லாம் ஒரே கோடாக வரைந்து காட்டும். மின்கம்பியைக் கவ்விப் பிடித்து, எந்நேரம் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பதிகிற வகையும் உண்டு.

ஏலக்காய் ஸ்டோர் தெரிந்த உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். காய் உலர்த்தும்போது சூடு 50 டிகிரி அளவில் நிற்க வேண்டும். மிஞ்சினால் பச்சை நிறம் போய்விடும், போடி ஏலத்தில் விலையும் போய்விடும். கதவைத் திறந்து ஒரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்தால் அந்த நிமிடத்துச் சூடுதான் தெரியும். தீ போடுகிறவர் இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்தாரா என்பது காலையில் காயின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கும். இந்தக் கருவி கண்ணயராத காவல்காரன்.

முதல் வாரம் எங்கள் அறியாமையால் வீணாயிற்று. சாயங்கால வெயில் நேரே விழுகிற சுவரில் ஒரு கருவியை ஒட்டிவிட்டு, வார்டு அடுப்பாய்க் கொதிக்கிறதென்று பயந்துபோனோம்! பிறகு கட்டில் உயரத்தில், வெயில் படாத இடத்தில் வைத்தோம். ஒன்றைக் கூரையின் அடியிலும், ஒன்றை வெளியே நிழலிலும், ஒன்றை மிஷனெரிமார் கட்டிய பழைய ஓட்டுக் கட்டடத்திலும் வைத்தோம்.

பார்த்தது என்ன? சூரியன் சாய்ந்ததும் மலைக்காற்று இறங்கி வெளியே குளிர்கிறது. மாடி வார்டிலோ அப்போதுதான் சூடு உச்சிக்கு ஏறுகிறது. பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெயில் இரவில் நோயாளிகளின்மேல் இறங்குகிறது. கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே ஜன்னல்களை அடைத்துவிடுகிறோம். குளிர்ந்த காற்று வெளியே நிற்கிறது. தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய கட்டடத்தில் கோடு அமைதியாக ஓடுகிறது. (அதை இடித்துவிடலாம் என்று கமிட்டியில் வாதாடியவர்களில் நாங்களும் உண்டு.) மின்சாரக் கருவியோ வேறொரு குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது: ஆப்பரேஷன் தியேட்டரின் வெந்நீர் ஹீட்டர், யாருக்கும் வேண்டாத இரவுகளிலும் விடியவிடிய ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு பைசா செலவில்லை.

இந்தக் கூரையின் கீழ் ஏ.சி. வைத்தால், கூரை இறக்குகிற சூட்டோடு அது இரவு முழுவதும் மல்லுக்கட்டும். இயந்திரம் வாங்குகிற செலவு ஒரு முறைதான். மின்கட்டணமோ ஒவ்வொரு முறையும் உங்கள் காணிக்கையிலிருந்து போகும்.

இது வசதியைப் பற்றிய காரியம் மட்டும் அல்ல. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியது. அங்கே சாரதாபென் மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில், கூரைக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகு, வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்கு வருகிற பச்சிளங் குழந்தைகள் குறைந்ததாக 2014இல் மருத்துவர்கள் எழுதினார்கள். வார்டை மாற்ற எங்களுக்குக் கீழே இடமில்லை. ஆகையால் கூரையைத்தான் மாற்ற வேண்டும்.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட மனதுள்ளவன் முன்னதாக உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பதைக் குறித்து நம் ஆண்டவர் பேசினார். எங்கள் கணக்கு இதுதான்: கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு, எல்லா ஜன்னலுக்கும் கொசுவலைச் சட்டம், மேற்குப் பக்கம் ஒரு தாழ்வாரம். வாலிபர் சங்கத்தார் சுண்ணாம்பு அடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பொருத்தனை செய்த குடும்பத்தாரை நேற்று மாலை வீட்டில் சந்தித்தோம். மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, கூரையில் அம்மா பெயரை எங்கே எழுதுவீர்கள்?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. கருவிகளின் கோட்டைக் காட்டினோம். இரவு பத்து மணிக் குறியில் விரலை வைத்து, "இந்த நேரத்தில்தான் அம்மா தண்ணீர் கேட்பார்கள்" என்றார்கள். ஜெபித்துவிட்டுப் பதில் சொல்வதாக அனுப்பிவைத்தார்கள்.

வேலை முடிந்ததும் அதே இடங்களில் அதே கருவிகளை இரண்டு வாரம் வைப்போம். சூடு இறங்கவில்லையென்றால் அந்தக் கோட்டையும் உங்களிடம் கொண்டுவந்து காட்டுவோம்; அப்போது ஏ.சி.யைப் பற்றி மறுபடியும் பேசுவோம்.