உயரத்தை அளந்துவிட்டுப் புறப்படுங்கள்

கோலார் தங்கவயலின் கோரமண்டலில் இருந்து பிடதி வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது டிக்கெட் விலையை. பார்க்க வேண்டியது பிள்ளைகளின் உயரத்தை. 2005-இல் திறந்த அந்தப் பூங்காவில், வயிற்றைக் கலக்கும் ராட்டினங்கள் பலவற்றில் 140 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களை ஏற்றமாட்டார்கள். பாதுகாப்புக் கம்பி உடலைச் சரியாகப் பிடிக்க வேண்டுமே, கெஞ்சினாலும் நடக்காது. எட்டு வயதுத் தம்பியும் பதினைந்து வயது அக்காவும் ஒரே வரிசையில் நின்றால் ஒருவர் அழுவார், மற்றவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். காலையிலேயே ஆளுக்கொரு பெரியவரோடு இரண்டு அணியாகப் பிரிவதுதான் சரி.

சேர்ந்திருக்கத்தானே போகிறோம் என்பீர்கள். நியாயம்தான். அதற்கு மதியச் சாப்பாடும் அலைக்குளமும் இருக்கின்றன. (பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான் எடுத்துக்கொள்ளுங்கள்.) கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏற வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. தூரத்தையும் பாருங்கள்: இங்கிருந்து பெங்களூரே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பிடதி அதற்கும் அந்தப் பக்கம், மைசூரு சாலையில். 2001-இல் இங்கே தங்கச் சுரங்கம் மூடியபின் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களைக் கேளுங்கள், திரும்பும் பயணம் எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள். நான்கு ராட்டினம் குறைந்தாலும் பரவாயில்லை, மாலை ஐந்துக்கே வெளியே வந்துவிடுங்கள்.