மதிப்பெண் எதைச் சொல்கிறது? – ஆங்கிலத்தில் கேட்டல், படித்தல் திறன்களைச் சோதித்தல்

(உயர்நிலை வகுப்பு ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கிலக் கேட்டல், படித்தல் திறன்களைச் சோதிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதிய உணவுக்குப் பிறகு வரும் அமர்வு இது. யாரும் கண் அயர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, முதலில் உங்களுக்கு ஒரு சிறு தேர்வு வைத்துவிடுகிறேன். தமிழில்தான். கவனமாகக் கேளுங்கள்.

“ஒரு லொங்கன் சந்தையில் திமுசை ஒன்றைக் கெளித்தான். அது மிகவும் மொழுசாக இருந்தது. அதனால் அதைத் தன் நெப்பிலிக்குக் கொடுத்துவிட்டான்.”

இப்போது கேள்வி. லொங்கன் எதைக் கெளித்தான்? திமுசையை. சரி. ஏன் அதை நெப்பிலிக்குக் கொடுத்தான்? மொழுசாக இருந்ததால். மிகச் சரி. இரண்டுக்கு இரண்டு மதிப்பெண். ஆனால் திமுசை என்றால் என்ன என்று இந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, நேற்று இரவு நானே இட்டுக்கட்டிய சொல் அது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் மாணவர்களில் பலர் இப்படித்தான் ஆங்கிலப் பத்தியைப் படித்து, கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதி, முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். படித்துப் புரிந்துகொண்டார்கள் என்று நாமும் எழுதி வைத்துவிடுகிறோம். நாம் வைக்கும் தேர்வு நாம் நினைக்கிற திறனைத்தான் சோதிக்கிறதா என்பதே இன்று நான் பேச வந்த செய்தி.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டல் தேர்வு வைத்தேன். பாடநூலில் இருந்த பத்தியைச் சத்தமாக வாசித்தேன். பிறகு ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, முழு வாக்கியத்தில் விடை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் ஐந்துக்கு ஒன்று வாங்கினான். மற்றத் தேர்வுகளிலும் அவன் அப்படித்தான். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயரை எழுதினேன். பெற்றோர் கூட்டத்தில் அவன் அப்பாவிடம், “இவனுக்கு இங்கிலீஷ் வராதுங்க, தமிழ்லயும் கணக்குலயும் பாஸ் ஆகப் பாக்கட்டும்” என்று சொல்லியும்விட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்த உறவினர்களைச் சிற்பங்கள் பார்க்க அழைத்துப் போனேன். வழியில் ஒரு கற்சிற்பக் கடை. உள்ளே அந்த மாணவன் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா கடை. வயதான வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் அவனிடம் விறுவிறுவென்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசியதில் பாதிதான் எனக்கே பிடிபட்டது. அவன் உள்ளே போய், முன்பு காட்டியதைவிடச் சிறிய யானை ஒன்றை எடுத்து வந்தான். தும்பிக்கை தூக்கிய யானை. அவர் தலையாட்டினார். பொட்டலம் கட்டாமல் அதைத் தனியாக எடுத்து வைத்தான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “வாங்க சார். அவங்க ரதம் பாத்துட்டு நாலு மணிக்கு வந்து வாங்கிக்கிறாங்களாம்” என்றான்.

எந்தப் பொருள், என்ன அளவு, எந்த வடிவம், இப்போதா பிறகா, எத்தனை மணிக்கு. ஐந்து செய்திகள். ஐந்தையும் ஒரே முறை கேட்டுப் பிடித்திருந்தான்.

மறுநாள் அவனைத் தனியாக அழைத்து, முன்பு வைத்த அதே பத்தியை வாசித்தேன். அதே ஐந்து கேள்விகள். வாயால் தமிழிலேயே விடை சொல்லச் சொன்னேன். நான்கு சரி. அவனுக்குக் காது நன்றாக வேலை செய்தது. எழுத்துக்கூட்டி எழுதத்தான் வரவில்லை. கேட்டல் தேர்வு என்று பெயர் வைத்து நான் சோதித்தது கரும்பலகையைப் படிப்பதையும் பிழையில்லாமல் எழுதுவதையும்.

அதே வகுப்பில் இன்னொரு மாணவி. எல்லாத் தேர்விலும் 80-க்கு மேல் வாங்குபவள். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் நூலகம் திறந்திருக்கும் என்ற ஆங்கில அறிவிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்து, எந்த நாளில் போனால் நூலகம் மூடியிருக்கும் என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். ‘எக்செப்ட்’ என்ற சொல்லை அவள் அறியாதவள் அல்ல. ‘அக்செப்ட்’, ‘எக்செப்ட்’ வேறுபாடு கேட்ட ஒரு மதிப்பெண் வினாவில் அவள்தான் முதலில் சரியாக எழுதியவள். ஆனால் அந்தச் சொல் ஓர் அறிவிப்பில் என்ன வேலை செய்கிறது என்று நான் அவளைக் கேட்டதே இல்லை.

இந்த இருவரையும் வைத்துக்கொண்டு என் தேர்வுகளைத் திருத்தத் தொடங்கினேன். பழகிப் பார்த்துப் பலன் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கேட்டல். மாணவர் நிஜத்தில் எதைக் காதால் கேட்கிறாரோ அதைத் தேர்வுக்கு எடுங்கள். ரயில் நிலைய அறிவிப்பு, தொலைபேசியில் வந்த செய்தி, வழி சொல்வது, கடையில் நடக்கும் பேச்சு. கண்ணால் படிப்பதற்கென எழுதிய கட்டுரையை வாசித்துக் காட்டினால் நமக்கே தலைசுற்றும். ஒரு நிமிடப் பேச்சு போதும்.

கேள்வித்தாளைப் பேச்சுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமல் யாரும் எதையும் கேட்பதில்லை. நிலையத்தில் நம் வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதற்குத்தானே காதைக் கொடுக்கிறோம்? இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை, பேசுவது யார், எதைப் பற்றி என்ற பொதுக் கேள்விக்கு. இரண்டாம் முறை, நேரம், விலை, இடம் போன்ற நுட்பங்களுக்கு. எழுத்து எழுத்தாக இழுத்து வாசிக்காதீர்கள். நடுவில் நிறுத்துங்கள், ஆனால் பேசும்போது இயல்பான வேகத்தில் பேசுங்கள்.

விடை எழுதும் வேலையைக் குறையுங்கள். சரியான படத்துக்கு ஒரு குறி, அட்டவணையில் ஓர் எண், வரைபடத்தில் ஒரு கோடு போதும். என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய மொழிகற்பித்தல் திட்டம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். வரைபடம், கால அட்டவணை போன்றவற்றை வைத்துக்கொண்டு மாணவர்கள் ஒரு பணியைச் செய்து முடிப்பதே அங்கே பாடம். பணி சரியாக முடிந்ததா என்று பார்த்தார்கள். புரிந்ததா இல்லையா என்பது அதிலேயே தெரிந்தது. நம் ஊர் வகுப்பறையிலேயே பிறந்த வழி இது. நாம் தயங்க வேண்டியதில்லை.

எண்களைச் சேருங்கள். ‘பிஃப்டீன்’, ‘பிஃப்டி’ இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரியாவிட்டால் விலையே மாறிவிடும். ‘கேன்’, ‘கான்ட்’ என்பதைப் பிரித்துக் கேட்காவிட்டால் பொருள் தலைகீழாகும். இவை சின்னக் கேள்விகள். ஆனால் காதை மட்டுமே சோதிப்பவை.

தேர்வுக்கு முன் கடைசி பெஞ்சுக்குச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். மூன்று சொற்களைச் சொல்லி, கேட்டவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள். மின்விசிறி இரைச்சலில் குறைந்த மதிப்பெண்ணை மாணவர் கணக்கில் எழுதக் கூடாது. செவித்திறன் குறைந்த மாணவருக்கு இந்தத் தேர்வு பொருந்தாது. அவருக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். ஒலிபெருக்கி இருந்தால் பாடநூலின் கியூஆர் கோடு வழியாகக் கிடைக்கும் ஒலிப்பதிவைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வகுப்பு ஆசிரியரை ஐந்து நிமிடம் வந்து வாசிக்கச் சொல்லுங்கள். நம் குரலுக்கு மட்டுமே பழகிய காது வேறு குரலையும் கேட்கட்டும்.

அடுத்து படித்தல். வகுப்பில் நடத்தி முடித்த பாடத்திலிருந்து கேட்பது நினைவாற்றல் தேர்வு. அதுவும் தேவைதான், ஆனால் அதைப் படித்தல் தேர்வு என்று சொல்லக் கூடாது. படித்தலுக்கு மாணவர் முன்பு பார்த்திராத 100, 150 சொல் பத்தி வேண்டும். பத்தி புதிதாக இருக்கட்டும். பொருள் அவருக்குப் பழக்கமானதாக இருக்கட்டும். பனிச்சறுக்கு பற்றிக் கொடுத்தால் ஆங்கிலம் தெரியவில்லையா, பனிச்சறுக்கு தெரியவில்லையா என்று நமக்கே புரியாது.

சத்தமாக வாசிக்கச் சொல்வது உச்சரிப்பையும் சரளத்தையும் காட்டும். புரிந்ததைக் காட்டாது. இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

கேள்வி தயாரித்ததும் திமுசைச் சோதனை செய்யுங்கள். பத்தியின் பொருள் தெரியாமல், சொல்லைத் தேடி வரியை எடுத்து எழுதினால் விடை வந்துவிடுமா? வருமென்றால் கேள்வியின் சொற்களை மாற்றுங்கள். ஐந்து கேள்வியில் ஒன்று நேரடித் தகவலாக இருக்கலாம். ஒன்று, ‘இட்’ அல்லது ‘தே’ என்பது யாரைக் குறிக்கிறது என்று கேட்கட்டும். ஒன்று, சொல்லாமல் விட்டதை ஊகிக்கச் சொல்லட்டும். ஒன்று, புதிய சொல்லின் பொருளைச் சூழலிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்லட்டும். ஒன்று, இதை யார், யாருக்கு, எதற்காக எழுதினார் என்று கேட்கட்டும். இன்னொரு சோதனையும் உண்டு: பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் சக ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் பொது அறிவாலேயே சரியாக எழுதிவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் அறிமுகப்படுத்திய ‘க்ளோஸ்’ முறை. ஒரு பத்தியில் முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஏழு சொல்லுக்கு ஒன்றாக நீக்கி, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வது. டெய்லர் இதை ஒரு நூல் படிக்க எளிதா, கடினமா என்று அளக்கக் கொண்டுவந்தார். வகுப்பறையில், மூலத்தில் இருந்த சொல்லே வேண்டும் என்று அடம்பிடிக்காமல், பொருந்தும் சொல் எதுவானாலும் மதிப்பெண் கொடுங்கள்.

“பொதுத்தேர்வு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. அதில் காதுக்கு வேலையே இல்லை. பிறகு எதற்கு இது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேர்வில் இல்லாதது வகுப்பிலும் இல்லாமல் போகும் என்பது உலகம் முழுவதும் உள்ள நிலைதான். ஜப்பானில் பல்கலைக்கழக நுழைவுக்கான தேசியத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி 2006-இல்தான் சேர்ந்தது. எழுத்துப் பகுதிக்கு 200, கேட்டலுக்கு 50. 2021-இல் தேர்வு மாறியபோது படித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 என்று ஆனது. நம் தேர்வு எப்போது மாறும் என்பது நம் கையில் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடத் தேர்வு வைப்பது நம் கையில் இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின் செய்வதுதான் முக்கியம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதாதீர்கள். ஒரு தாளில் பெயர்களைக் கீழ்நோக்கியும் கேள்வி எண்களைக் குறுக்காகவும் எழுதிக் குறியிடுங்கள். வகுப்பில் பெரும்பாலோர் ஒரே கேள்வியில் தவறினால், கேள்வியிலோ நம் பாடத்திலோ குறை இருக்கிறது. ஒரே மாணவர் கேட்டலில் நன்றாகச் செய்து படித்தலில் தவறினால் அவருக்கு எழுத்தோடு பழக்கம் வேண்டும். படித்தலில் தேறி, கேட்டலில் தவறினால் அவர் இன்னும் நிறையக் கேட்க வேண்டும். இருவரையும் ஒரே மெல்லக் கற்போர் பட்டியலில் போட்டு ஒரே பயிற்சியைக் கொடுத்தால் இருவருக்கும் பயனில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த மாணவனின் அப்பாவிடம் நான் சொன்னதைத் திருத்திச் சொன்னேன். “தப்பா சொல்லிட்டேங்க. அவனுக்கு இங்கிலீஷ் காதுல நல்லா ஏறுது. எழுதத்தான் வரல. அத நான் பாத்துக்கிறேன்.” அவர் சிரித்துக்கொண்டே, “அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். கடையில வர்றவங்ககிட்ட அவன்தானே பேசுறான். வாத்தியார் சொல்றீங்களேன்னு இருந்துட்டேன்” என்றார். மகனைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைக்கூட நம்பாமல், நாம் போட்ட மதிப்பெண்ணை அவர் நம்பியிருக்கிறார். அந்த ஆண்டு மாலை வகுப்புகளில் அவனோடு எழுத்துக்கூட்டலில் உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பில் சாதாரண மதிப்பெண்ணில்தான் தேறினான், ஆனால் தேறினான்.

வரும் திங்கட்கிழமை, ஐந்து கேள்வி, ஒரு நிமிடப் பேச்சு, எழுத வேண்டாம், குறி போட்டால் போதும் என்று ஒரு கேட்டல் தேர்வு வைத்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் கடைசியில் இருக்கும் பெயர்களில் ஒன்றிரண்டு மேலே வரலாம். அப்படி வந்தால் அந்த மாணவரின் வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்கள்.